வளைவில் சாய வேண்டியது வண்டியா, உடம்பா?

நாடி பார்த்துச் சூரணம் கொடுக்கிற வைத்தியருக்கும் மோட்டார் சைக்கிள் ரேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சம்பந்தம் இரண்டு வருஷத்துக்கு முன்னால், குற்றாலம் சீசனில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கியது.

இறங்கியவர்கள் என் தங்கையும் அவள் மகனும். பையனுக்கு இருபத்து நாலு வயசு. இடது முழங்கையில் தோல் வழன்று ரத்தம். வலது மணிக்கட்டை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"என்னத்தச் சொல்ல அண்ணே! டிவியில ரேஸப் பாத்துட்டு, புளியரை வளைவுல முட்டியத் தரையில தேய்க்கணும்னு போயிருக்கான். வண்டிதான் தேஞ்சு கெடக்கு" என்று அவள் அழுதாள்.

"இல்ல மாமா, நான் நல்லாத்தான் சாச்சேன். ஸ்டாண்டு டர்ருனு ரோட்டுல உரசுச்சு. அடுத்த செகண்டு பின் வீலு தூக்கிட்டு" என்றான் அவன்.

கையைப் பார்த்தேன். கட்டை விரலுக்கு அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும். அந்த இடத்தை லேசாக அமுக்கியதுமே துடித்துப் போனான். அந்தக் குழிக்குள் படகு மாதிரி ஒரு சிறு எலும்பு இருக்கிறது. கை ஊன்றி விழுகிறவர்களுக்கு அது விண்டு போவது வழக்கம். "இது எண்ணெய் போட்டு நீவுற வலி இல்லடே. முதல்ல எக்ஸ்ரே எடு" என்று எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் டாக்டர் விடாமல் கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தார். கீறல் தெரிந்தது. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் பையன் என்னிடம் கேட்டான்: "மாமா, நான் எங்க தப்புப் பண்ணுனேன்?"

நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் பாடமாகச் சொல்கிறேன். வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பா, அம்மாவும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம் இது.

வளைவில் ஏன் சாய்கிறோம்?

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற ரயில் பாதையைப் பார்த்திருப்பீர்கள். 1904-ல் மீட்டர் கேஜாக ஓடத் தொடங்கி, 2018-ல் அகலப் பாதையாக மறுபடி திறந்த பாதை. மலைக்குள் அது வளையும் இடங்களில் வெளிப்பக்கத் தண்டவாளம் உள்பக்கத்தைவிடச் சற்று உயரமாக இருக்கும். ரயில் வளைவின் உள்பக்கமாகச் சாய்ந்து போகட்டும் என்பதற்காகத்தான் அப்படி வைத்தார்கள். பஸ் திரும்பும்போது உங்களை வெளிப்பக்கம் தள்ளுகிறதே, அந்தத் தள்ளலுக்கு ஈடு கட்டத்தான் இந்தச் சாய்வு. இரண்டு சக்கர வண்டிக்குத் தண்டவாளம் கிடையாது. அதனால் தானே சாய்ந்து ஈடு கட்டிக்கொள்கிறது.

எவ்வளவு சாய வேண்டும் என்பதை உங்கள் தைரியம் முடிவு செய்வதில்லை. வேகமும் வளைவின் அளவும்தான் முடிவு செய்கின்றன. 20 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் நேர் நிலையிலிருந்து சுமார் 20 டிகிரி சாய வேண்டும். 40 கி.மீ. என்றால் 32 டிகிரி. 50 கி.மீ. என்றால் ஏறத்தாழ 45 டிகிரி! டயரின் அகலத்தால் இதற்கு மேலும் கொஞ்சம் கூடும். வேகம் பத்துப் பத்தாகத்தான் ஏறுகிறது. சாய்வோ பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரியாகத் தாவுகிறது. ஆபத்து இந்தத் தாவலில்தான் ஒளிந்திருக்கிறது. பத்து கி.மீ.தானே என்று ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவனுக்கு இது தெரிவதில்லை.

எது முதலில் உரசும்?

வண்டியைச் சாய்க்கச் சாய்க்க, அதன் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு பாகம் ரோட்டைத் தொடும். சில வண்டிகளில் அது ஃபுட்ரெஸ்ட். சிலவற்றில் சென்டர் ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு அல்லது சைலன்சர். வண்டிக்கு வண்டி இது மாறும். நாம் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுகிற சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் 40 டிகிரியை ஒட்டி ஏதோ ஒன்று உரசிவிடும்.

ஃபுட்ரெஸ்ட் மடங்கக்கூடியது. உரசினால் மடங்கிக்கொண்டு எச்சரிக்கை மட்டும் கொடுக்கும். ஸ்டாண்டு அப்படியில்லை. அது கெட்டி இரும்பு. ரோட்டில் ஊன்றிக்கொண்டு, கடப்பாரையால் நெம்புவது போலப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். டயர் தரையை விட்டால் அப்புறம் பிடிப்பு ஏது? என் மருமகனுக்கு நடந்தது இதுதான்.

அன்றைக்கு அவன் வண்டியில் மூன்று குறைகள் இருந்தன. பின்னால் ஒரு சிநேகிதன் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் கனத்தில் பின்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்கி, வண்டியின் அடிப்பாகம் தரைக்கு நெருங்கிவிட்டது. ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்து, ஸ்டாண்டு ஒரு விரற்கடை தொங்கிக்கொண்டிருந்தது. டயரில் காற்றும் குறைவு. மூன்றுமே பத்து நிமிஷத்தில் மெக்கானிக் சரி செய்கிற விஷயங்கள். பல வண்டிகளின் பின்பக்க ஷாக் அப்சார்பரில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பி ஸ்பிரிங்கை இறுக்கினால் கனம் ஏற்றும்போது வண்டி அவ்வளவாக அமுங்காது. ரெண்டு பேராகவே தினமும் போகிறவர்கள் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இடுப்புக் குடமும் ரேஸ் வண்டியும்

இப்போது உடம்புக்கு வருவோம். தண்ணீர்க் குடத்தை இடது இடுப்பில் வைத்து நடக்கிற பெண்ணைப் பாருங்கள். அவள் உடம்பு தானாக வலப்பக்கம் சாயும். குடம் ஒரு பக்கம் போனால் உடம்பு மறு பக்கம். இரண்டின் கனமும் சேர்ந்து நடுவில் நிற்க வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு.

வளைவிலும் இதே கணக்குதான். சாய வேண்டியது வண்டி, மனிதன் இரண்டும் சேர்ந்த மொத்தக் கனம். மனிதன் தன் பங்குக்கு உள்பக்கம் நகர்ந்துவிட்டால் வண்டி அவ்வளவு சாய வேண்டியதில்லை. அது கொஞ்சம் நிமிர்ந்தே போகும். நிமிர்ந்தால் ஸ்டாண்டுக்கும் ரோட்டுக்கும் இடையே இடைவெளி கிடைக்கும். பந்தயக்காரர்கள் வண்டியை விட்டு இறங்குகிற மாதிரித் தொங்குகிறார்களே, அது வேடிக்கை காட்ட அல்ல. இந்த இடைவெளிக்காகத்தான்.

அவன் அன்று செய்தது நேர் எதிர். வண்டியை உள்ளே சாய்த்துவிட்டு, தலை தரைக்குக் கிட்டே போகிறதே என்ற பயத்தில் உடம்பை வெளிப்பக்கம் நிமிர்த்திவிட்டான். அந்த ஈடு கட்ட வண்டி இன்னும் அதிகமாகச் சாய வேண்டி வந்தது. பயந்த உடம்புதான் ஸ்டாண்டை ரோட்டில் கொண்டுபோய் வைத்தது.

சரி, உடம்பை நகர்த்தினால் லாபம் எவ்வளவு? இதைக் கவனமாகப் படியுங்கள். வண்டி 150 கிலோ, ஆள் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆள் தன் உடம்பின் கனத்தைப் பத்து சென்டிமீட்டர் உள்ளே நகர்த்தினால், மொத்தக் கனத்தின் மையம் சுமார் மூன்று சென்டிமீட்டர் நகரும். அதனால் வண்டிக்கு மிச்சமாவது ஏறத்தாழ 3 டிகிரி. முன் சொன்ன வளைவில் 32 டிகிரிக்குப் பதில் 29 டிகிரி சாய்ந்தால் போதும்.

இதே மூன்று டிகிரியை இன்னொரு வழியிலும் சம்பாதிக்கலாம். 40 கி.மீ. வேகத்தை 37 ஆகக் குறைத்தாலே போதும்!

இந்தப் பாடத்தின் சாரமே இதுதான். ரேஸ் டிராக்கில் வேகத்தைக் குறைக்கக் கூடாது. அதனால் அங்கே உடம்பை நகர்த்துகிறார்கள். ரோட்டில் நாம் யாருக்கும் பந்தயம் கட்டவில்லை. மூன்று கி.மீ. வேகத்தைக் குறைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

டிராக்கில் உட்காரும் முறை

எலும்பு கூடியதும் மருமகன் "மாமா, முறையாக் கத்துக்கிடணும்" என்றான். தங்கை ஒரே பிடிவாதம்: "ரோட்டுலயே ஒழுங்காப் போவத் தெரியாதவனுக்கு ரேஸ் டிராக்கா?" நான் சொன்னேன், "ரோட்டுல கத்துக்கிட முடியாதத அங்கதாம்மா கத்துக்கிடணும். அங்க எதிர்ல லாரி வராது, மாடு வராது. விழுந்தாலும் சறுக்கிப் போக இடம் இருக்கு, ஆம்புலன்ஸ் நிக்கும்." மூன்று மாதம் உடம்பைப் பக்குவப்படுத்திய பிறகு போகலாம் என்று சமாதானம் ஆனது.

தமிழ்நாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிதில்லை. ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. நீளம் 3.717 கி.மீ., பன்னிரண்டு வளைவுகள். கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தில் மோட்டோ ஜிபி பந்தயமே இந்தியாவுக்கு வந்தது. அந்த வீரர்கள் 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறவர்கள். அவர்களுடைய வண்டியும் டயரும் வேறு, தடமும் வேறு. அதைப் பார்த்துவிட்டு வந்து நம் வண்டியில் செய்யக் கூடாது.

இருங்காட்டுக்கோட்டைக்கு நானும் கூடப் போனேன். நிற்கிற வண்டியில் முதலில் உட்கார வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வைத்தியன் கண்ணால் நான் பார்த்துக் குறித்துக்கொண்டவை இவை.

1. பாதம்: ஃபுட்ரெஸ்டின் மேல் பாதத்தின் நடுப்பகுதி அல்ல, விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டுப் பகுதி இருக்க வேண்டும். விரல்கள் கீழே தொங்கினால் அவைதான் முதலில் உரசும்.

2. இடுப்பு: வளைவு வருவதற்கு முன், பிரேக் பிடிப்பதற்கும் முன்பே உள்பக்கமாகப் பாதிப் பிட்டம் மட்டும் சீட்டை விட்டு நகர வேண்டும். முழுசாக இறங்கித் தொங்கக் கூடாது. வளைவுக்குள் போன பிறகு நகர்ந்தால் வண்டி ஆடும்.

3. வெளிப்பக்கத் தொடை: இதுதான் தூண். வெளிப்பக்க முழங்காலும் தொடையும் பெட்ரோல் டேங்கை இறுக்கிக் கவ்வ வேண்டும். உடம்பு தொங்குவது இந்தப் பிடியில்தான், கைப்பிடியில் அல்ல.

4. மார்பும் தலையும்: இடுப்பு உள்ளே போய், தலை மட்டும் வண்டியின் நடுவிலேயே நின்றால் முதுகு முறுகிக்கொள்ளும். பலர் செய்கிற தப்பு இது. நகர்ந்த இடுப்பின் லாபத்தை நகராத தலையும் தோளும் தின்றுவிடும். மார்பு தாழ்ந்து, முகவாய் உள்பக்கக் கையின் மணிக்கட்டுக்கு மேலாக வர வேண்டும்.

5. கை: முழங்கை மடங்கி, பிடி லேசாக இருக்கட்டும். கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருக்கிற மாதிரி. அது தப்பிக்கவும் கூடாது, நசுங்கவும் கூடாது. கைப்பிடியைத் தொங்கும் கயிறாக நினைத்து இழுத்தால் முன் சக்கரம் தன் வழியில் போகாது.

6. கண்: சக்கரத்துக்கு முன்னால் ரோட்டைப் பார்க்காதீர்கள். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். கண் போகிற பக்கம் கழுத்து போகும், கழுத்து போகிற பக்கம் தோள் போகும், தோள் போகிற பக்கம் வண்டி போகும்.

7. ஆக்ஸிலேட்டர்: வளைவுக்குள் ஒரே சீராக இருந்தால் வண்டி தன் உயரத்தில் நிற்கும். பதறிப்போய் டக்கென்று விட்டாலோ பிரேக்கை அமுக்கினாலோ முன்பக்கம் அமுங்கி, தரை இடைவெளி இன்னும் குறையும்.

முழங்கால் தரையைத் தொடுவது? அது தானாக வரும் விளைவு. எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று அளக்கிற முழக்கோல் மாதிரி. அதற்கென்று தடித்த தோல் உடையும் முழங்காலில் தேய்ப்புக் கட்டையும் உண்டு. முட்டியைத் தொடவைக்க வேண்டும் என்பதற்காகவே காலை நீட்டுகிறவன் இடுப்பின் பிடியை விட்டுவிடுகிறான்.

உடம்பு ஏன் மறுக்கிறது?

படிக்க எளிது. செய்யப் போனால் உடம்பு கேட்காது. நாற்காலியிலேயே பத்து மணி நேரம் உட்காருகிற பிள்ளைகளுக்கு இடுப்புப் பூட்டு இறுகிப்போயிருக்கிறது. ஆட்டுக்கல் முன்னால் காலை அகட்டி உட்கார்ந்து மாவாட்டிய நம் பாட்டிமாருக்கு இடுப்பு எளிதில் விரிந்தது. இன்றைய பையன்களால் இரண்டு நிமிஷம் குந்தி உட்கார முடியவில்லை. இடுப்பு விரியாதவன் தொடையால் டேங்கைக் கவ்வ முடியாது. தொடை கவ்வாதபோது கை கவ்வும். கை இறுகினால் தோள் இறுகும், மூச்சு நிற்கும். எங்கள் மருத்துவத்தில் அசைவுக்கெல்லாம் அதிபதி வளி என்போம். உறக்கக் குறைவு, ஓயாத உட்காரல், அகால உணவு மூன்றும் வளியைக் கெடுத்து மூட்டுகளை இறுக்கும் என்பது எங்கள் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. 45 டிகிரி சாய்வில் உடம்பின் கனம் 1.4 மடங்காக அழுத்தும். 70 கிலோ ஆள் ஏறத்தாழ 100 கிலோ ஆகிவிடுவான். தலையில் இருக்கும் ஒன்றரைக் கிலோ ஹெல்மெட் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். கழுத்தும் அடிமுதுகும் இதைத் தாங்க வேண்டாமா?

மருமகனுக்கு நான் கொடுத்த பயிற்சிகள் இவை. தினம் இருபத்தைந்து நிமிஷம், வெறும் வயிற்றில்.

பட்டாம்பூச்சி நிலை: உட்கார்ந்து இரு பாதங்களையும் ஒட்டி, முழங்கால்களை இருபுறமும் மெல்லத் தாழ்த்துங்கள். ஒரு நிமிஷம், மூன்று தடவை. கையால் அமுக்க வேண்டாம்.

குந்துதல்: குதிகால் தரையில் படியக் குந்தி உட்காருங்கள். முடியாவிட்டால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். அரை நிமிஷத்தில் தொடங்கி இரண்டு நிமிஷம் வரை.

முன்னடித் தாழ்வு: ஒரு காலை நீட்டி முன்வைத்து முழங்காலை மடக்கித் தாழுங்கள். பின்கால் நீண்டிருக்கட்டும். பக்கத்துக்கு அரை நிமிஷம், மூன்று தடவை. இடுப்பின் முன்பக்கம் திறக்கும்.

சுவர் நாற்காலி: சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்காருவது போல் நில்லுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணையை வைத்துக் கவ்விக்கொள்ளுங்கள். 30 விநாடியில் தொடங்குங்கள். டேங்கைப் பிடிக்கிற தொடை இதில்தான் பலப்படும்.

பலகை நிலை: முழங்கை, கால் விரல்களை ஊன்றி உடம்பைப் பலகை போல நீட்டுங்கள். 20 விநாடி முதல் ஒரு நிமிஷம் வரை. அடிவயிறு பலப்பட்டால் கைக்கு வேலை குறையும்.

கழுத்து: உள்ளங்கையைக் காதுக்கு மேல் வைத்து, தலையால் கையைத் தள்ளுங்கள். கை விட்டுக்கொடுக்கக் கூடாது. பத்து விநாடி, இருபுறமும் ஐந்து தடவை.

முழங்கால் தேய்மானம், இடுப்பு வட்டு விலகல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது. வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கச் சொன்னேன். சளி, காய்ச்சல் இருக்கிற நாளில் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு. பாளையங்கோட்டையில் படிக்கும்போது என் ஆசிரியர் ஒருவர், "வலிக்கிற இடத்தைத் தொடுமுன் நோயாளி மூச்சைப் பிடித்திருக்கிறானா பார்" என்பார். மூச்சைப் பிடித்தவன் உடம்பு கல்லாக இருக்கும். வண்டியிலும் அப்படித்தான். வளைவுக்குள் நுழையும்போது மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். தோள் தானாக இறங்கும், கைப்பிடி தளரும். சென்னை வெயிலில் தோல் உடைக்குள் வியர்வை ஆறாக ஓடும். உப்புப் போட்ட நீர்மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு டிராக்கில் இறங்கக் கூடாது.

நம் ரோட்டுக்கு எது பொருந்தும்?

டிராக்கில் கற்றதில் கண், தளர்ந்த கை, தொடைப் பிடி, சீரான ஆக்ஸிலேட்டர், மூச்சு ஆகிய ஐந்தும் ரோட்டுக்கு அப்படியே பொருந்தும். இடுப்பை இறக்கித் தொங்குவது பொருந்தாது. தலையையும் தோளையும் சற்றே உள்பக்கம் கொண்டுபோனால் போதும்.

ஏன் என்று சொல்கிறேன். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால், சக்கரம் நம் பக்கம் இருக்கும், தலை கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்! புளியரை எஸ் வளைவில் கேரளா போகிற லாரிகளும் வருகிற லாரிகளும் ரோட்டை அடைத்துத்தான் திரும்பும். அங்கே தலையை நீட்டலாமா? அதனால் வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை விட்டு நன்றாக இடதுபுறம் ஒதுங்கிப் போங்கள். வேகத்தை நேர் ரோட்டிலேயே குறைத்துவிட்டு வளைவுக்குள் நுழையுங்கள். சாரல் நேரத்தில் ஈர இலை, சிந்திய டீசல், வளைவில் ஒதுங்கிய மணல் எல்லாம் டயரின் பிடிப்பைத் தின்றுவிடும். அப்போது ஸ்டாண்டு உரசுவதற்கு முன்பே டயர் வழுக்கிவிடும். உடம்பை எங்கே நகர்த்தினாலும் பயனில்லை. வேகத்தைக் குறைப்பது ஒன்றே மருந்து.

பின்னால் உட்காருகிறவர்களுக்கும் பாடம் உண்டு. வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் நிமிராதீர்கள். ஓட்டுகிறவரின் உள்பக்கத் தோளுக்கு மேலாக ரோட்டைப் பாருங்கள். உடம்பு தானாகச் சரியாக வந்துவிடும். சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காருகிற தாய்மார்களின் கனம் ஏற்கெனவே இடப்பக்கம் இருக்கிறது. அவர்களோடு மலைப் பாதையில் போகும்போது வேகம் இன்னும் குறைய வேண்டும்.

விழுந்துவிட்டால்...

விழுந்தவர் எழுந்து நடந்துவிட்டார் என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகாது. மயக்கம், வாந்தி, ஓயாத தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்து வலி என்று சொன்னால் தலையை அசைக்காதீர்கள். மூச்சு விடச் சிரமமில்லை என்றால், விவரம் தெரிந்தவர் வரும்வரை ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு, மணிக்கட்டு இரண்டும் விழுந்தவர்களுக்கு அடிக்கடி உடைகிற இடங்கள்.

சித்த வைத்தியனாகவே சொல்கிறேன். எக்ஸ்ரே பார்க்காத வீக்கத்தில் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். எலும்பில் கீறல் இருந்தால் அது விலகிவிடும். எலும்பு கூடியது என்று டாக்டர் சொன்ன பிறகு காயத்திருமேனித் தைலத்தை இளஞ்சூட்டில் தடவி, மூட்டை மெல்ல அசைத்துப் பழக்கலாம். மருமகனுக்கு அப்படித்தான் செய்தேன். எல்லா வேலைக்கும் ஒரு நேரம் உண்டு.

போன மாதம் அவன் பின்னால் உட்கார்ந்து ஆரியங்காவு கோயிலுக்குப் போனேன். எஸ் வளைவில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. முந்துவதற்கு முறுக்குவான் என்று நினைத்தேன். முறுக்கவில்லை. தள்ளி நின்று, லாரி வளைந்து முடிக்கட்டும் என்று காத்திருந்தான். "மாமா, என் தோளப் பாத்துக்கிட்டே கூட வாங்க" என்றான். வண்டி வளைந்ததே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் சொன்னேன். "டிராக்குக்குப் போய் வேகமாப் போகக் கத்துக்கிட்டு வருவான்னு பயந்தேன் அண்ணே. மெதுவாப் போகக் கத்துக்கிட்டு வந்திருக்கான்" என்றாள்.

உங்கள் பிள்ளைக்கும் இந்த ஆசை இருந்தால் திட்டி அடக்க வேண்டாம். உடம்பைத் தயார் செய்து, முறையான இடத்துக்கு அனுப்பி வையுங்கள். அதற்கு முன்னால், இன்றைக்குச் சாயங்காலமே அவன் வண்டியின் ஸ்டாண்டு ஸ்பிரிங்கையும் டயர் காற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.